தந்தி கிராணியின் தகர டப்பா

செய்தி வந்தபோது மணி மாலை நாலே கால். கண்ணாடி கழற்றிய கைக்கடிகாரத்தின் முட்களைப் பெருவிரலால் தடவிப் பொன்னுதுரை அதைத் தெரிந்துகொண்டார். காஜா பேராங் தெருவில் மற்ற எல்லாருக்கும் காலையிலேயே தெரிந்த செய்திதான் அது. தந்தி ஆபீசில் கிராணியாக, குமாஸ்தா வேலையில், ஒரு காலத்தை ஓட்டி, யார் வீட்டில் பிறப்பு, யார் வீட்டில் இறப்பு என்று ஊருக்கு முன்னால் அறிந்தவர், இதை மட்டும் ஊருக்கெல்லாம் கடைசியாக அறிந்தார்.

முதலில் தோளில் ஒரு கை விழுந்தது. அத்தர் வாசனை அடித்தது. அத்தர் பூசிக்கொண்டு தன்னைப் பார்க்க வரக்கூடிய ஆள் யாரென்று அவருக்குப் பிடிபடவில்லை. வந்தவர் ஆணியில் மாட்டியிருந்த டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தார். மேசைமேல் கிடந்த, தந்தி அடிக்கும் சாவியைத் தேடி எடுத்து, டப்பாவின் கம்பியில் மாட்டி அடிக்க ஆரம்பித்தார். டப்பா உள்ளங்கையில் துடித்தது. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே ஒரு வெற்றிலை போட்டுத் துப்பி வரலாம் போல அத்தனை இடைவெளி.

"ஆரது? கையா, உலக்கையா?" என்று பொன்னுதுரை சிரித்தார். "சபியாவின்ட சாவியில ஆர் விளையாடுறது? அந்தப் பிள்ளை கண்டால் கையை முறிச்சுப் போடும்."

டப்பா ஒரு கணம் நின்றது. பிறகு ஒரு பெயரைச் சொன்னது: ஷரீஃபுதீன்.

முனைக்கடை முதலாளி. சபியாவின் கணவர். அந்தப் பெயர் இதுவரை டப்பாவில் வந்ததே இல்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள் விரலாலும் சொல்லமாட்டேன் என்று சபியா இருந்தாள். 'அவங்க' என்றோ 'கடைக்காரர்' என்றோதான் அடிப்பாள்.

அடுத்தது: சபியா. அதற்கடுத்து நீண்ட இடைவெளி. அப்புறம்: மௌத்து.

பொன்னுதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கணத்தில் அவர் வாயிலிருந்து வந்தது ஐயோ என்ற சொல் அல்ல. ஆபீஸ் குரல் வந்தது.

"திருப்பி அடி."

சாவுத் தந்தி வந்தால் ஒருமுறை கேட்டு எழுதிவிடக் கூடாது, மறுபடி அடிக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் வேலை பார்த்த நாளில் தனக்கென்று வைத்திருந்த சட்டம். உயிரோடு இருப்பவரைச் செத்தவராக்கி ஒரு வீட்டில் ஒப்பாரி வைக்கச் செய்யக் கூடாதே. நல்ல சட்டம்தான். ஆனால் அதை, பெண்டாட்டியை அடக்கம் செய்துவிட்டு நேரே வந்து நிற்கும் மனிதரிடம் பிரயோகித்தார். ஷரீஃபுதீனும் அத்தனை எழுத்தையும் முதலிலிருந்து மறுபடி அடித்தார்.

தன் வாழ்நாளில் பேசிய முட்டாள்தனமான பேச்சுகளை வரிசைப்படுத்தினால் இதுதான் தலையில் நிற்கும் என்று பொன்னுதுரை பிற்பாடு தீர்மானித்தார். போட்டிக்கு நிறைய இருந்தன.

அவருக்குக் காது போனது ஜப்பான்காரன் காலத்துக் காய்ச்சலில். கண் போனது அதற்குப் பிறகு, அவசரமில்லாமல், ஓரங்களிலிருந்து நடுவுக்கு. "ரெண்டு லைனும் கட். கம்பி மட்டும் நிக்குது" என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். மனைவி முன்பே போய்விட்டாள். ஒரே மகள் கோகிலா சிங்கப்பூரில் தாதியாக இருந்தாள். பக்கத்து வீட்டுச் செட்டி குடும்பத்து அம்மாள் இரண்டு வேளையும் சோறு கொண்டுவந்து வைத்தார். தலைமுறைகளாக இங்கேயே இருந்து தமிழை மறந்துபோன குடும்பம்; அவர் பேசுவது மலாய். இவருக்கு மலாயும் கேட்காது, தமிழும் கேட்காது. அதனால் அந்த வீட்டோடு மொழிச் சிக்கலே எழவில்லை.

கோகிலா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். அன்று மத்தியானம் அவள் முனைக்கடைக்கு டிரங்க் கால் போடுவாள். அப்பா வந்து பேசவேண்டும், அவள் சொல்வது அப்பாவுக்குப் போய்ச் சேரவேண்டும். அப்படி நடக்கும்வரை அவர் காஜா பேராங்கிலேயே இருக்கலாம். நடக்கவில்லையென்றால் டாக்சி வைத்துக்கொண்டு வந்து சிங்கப்பூருக்கு ஏற்றிவிடுவாள். அங்கே அவள் வீடு மூன்றாவது மாடி. கெட்டுப்போன ரேடியோவைத் தூக்கிப்போட மனமில்லாமல் மூலையில் வைத்து மேலே பூத்துணி போடுவார்களே, அப்படித் தன்னை வைப்பாள் என்பதில் பொன்னுதுரைக்குச் சந்தேகம் இல்லை. இங்கே என்றால் வடிகால் ஓரமாகக் கைத்தடியைத் தட்டிக்கொண்டு எங்கும் போய்வருவார். அவ்வப்போது வடிகாலுக்குள்ளும் போய்வருவார். ஆனால் அது அவராகப் போய் விழுவது.

ஆரம்பத்தில் ஷரீஃபுதீன்தான் உதவிக்கு வந்தார். கோகிலா சொல்வதைக் கேட்டு இவர் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினார். அவர் விரலில் எண்ணெய். எழுத்து எல்லாம் ஒரே மாதிரி வழுக்கிற்று. அதைவிடப் பெரிய இடைஞ்சல், வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் ஜாலான் துக்காங் எமாஸ் பள்ளிவாசலில் இருப்பார். அந்த நேரத்தில் கடையில் இருப்பது சபியா. அவள் அந்நிய ஆணின் கையைத் தொட்டு எழுத முடியுமா?

"தொடாம எழுதுற மாதிரி ஒண்ணு இருந்தா என் ஆட்சேபம் எதுவும் இல்ல கிராணி" என்று ஷரீஃபுதீன் இவர் கையில் ஒரு மணி நேரம் வழுக்கி வழுக்கி எழுதினார்.

அதற்காகப் பிறந்ததுதான் டப்பா. சிகரெட் வரும் வட்டத் தகர டப்பா ஒன்று. அதற்குள் கிண்ணி கழற்றிய கதவுமணி, இரண்டு டார்ச்லைட் பாட்டரி. டப்பாவிலிருந்து நீளும் கம்பியின் மறுமுனையில், ஆபீஸ் ஓட்டை உடைசலில் போட்டிருந்த பழைய தந்திச் சாவி. கவுண்டருக்கு உள்ளே அவள் சாவியை அமுக்கினால் வெளியே இவர் மடியில் டப்பா துடிக்கும். நடுவே இரண்டு முழம் கம்பி. மார்க்கத்துக்கும் பழுதில்லை, மகளுக்கும் பதில் கிடைக்கும். தெங்கேராவில் ரேடியோ பழுது பார்ப்பவரிடம் பற்றவைத்துக்கொண்டு வந்த அன்று பொன்னுதுரைக்கு உலகத்தையே கண்டுபிடித்த தோரணை. தோள்பையில் போட்டுக்கொண்டு, கேட்காதவர்களிடமும் எடுத்து நீட்டினார்.

முதல் சோதனையின்போது சாவியை அமுக்கியதும் டப்பா துடிக்கத் தொடங்கி, நிற்கவே இல்லை. மிக நீண்ட கோடு ஒன்று வருகிறது, இது எந்த எழுத்தாக இருக்கும் என்று அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டே இருந்தார். உள்ளே தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடையில் அரிசி வாங்க வந்தவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு யாரோ பாட்டரியைப் பிடுங்கினார்கள்.

தமிழுக்கென்று புள்ளியும் கோடுமாக ஒரு முறையை அவரே வகுத்தார். சபியா அதை அட்டையில் எழுதிச் சீனிச் சாக்குக்கு மேலே சுவரில் ஒட்டி, சரக்கு நிறுத்துக்கொண்டே படித்தாள். இவரிடம் பயின்ற பையன்கள் மாதக்கணக்கில் திணறியதை அவள் நோன்பு மாதம் முடிவதற்குள் பிடித்துக்கொண்டாள். கை லேசான கை. வார்த்தை முடியும் இடத்தில் சின்னதாய் ஒரு துள்ளல் வைப்பாள். ஆயிரம் கைக்கு நடுவிலும் அது யாருடையதென்று பொன்னுதுரை சொல்லிவிடுவார். அவள் முகத்தை அவர் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. ஆனால் அவள் கோபமாயிருந்தால் தெரியும், தூக்கம் வந்தால் தெரியும், வாயில் எதையோ மென்றுகொண்டு அடித்தால்கூடத் தெரியும்.

அந்தக் கடையில் இருந்தது பழைய மாடல் டெலிபோன். பேசும் வாய் நின்ற தண்டின் உச்சியில். கேட்கும் குழல் தனியாகக் கம்பியில். குழலைச் சபியா காதில் வைத்துக்கொள்வாள். தண்டை இவர் முன்னால் தள்ளுவாள். இவர் பேசுவார்.

பேசுவார் என்றால், தந்தி பேசுவார். வார்த்தைக்கு வார்த்தை அளந்து அனுப்பிப் பழகிய மனுஷன். மகளிடமும் அந்தக் கை குறுகல்தான்.

"உடம்பு சுகம். சாப்பாடு சரி. மழை. முடிந்தது."

அதையும் காஜா பேராங் முழுக்கக் கேட்கும்படி கத்துவார். தன் குரல் எத்தனை உயரம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை "மலச்சிக்கல். பரவாயில்லை. முடிந்தது" என்று மகளுக்கு அறிவித்துவிட்டு வெளியே வந்தார். மறுநாள் யாரோ கதவடியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"கிராணி, மெதுவா பேசுங்க லா. சந்தை வரைக்கும் கேக்குது" என்று சபியா அடிப்பாள்.

"கேக்கட்டும். ரகசியம் ஒண்டுமில்லை."

"உங்களுக்கு இல்ல. எங்களுக்கு வெக்கமா இருக்கு."

அவளுக்கும் இவருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. மறுமுனையில் சொன்னதை மட்டும் அனுப்பவேண்டும், சொல்லாததை அனுப்பக் கூடாது என்பது தந்திக்காரன் தர்மம். அவளோ 'மக சிரிக்கிது' என்பாள், 'மக அழுவுது' என்பாள்.

"பிள்ளை, அவள் சொன்ன சொல்லை மட்டும் அடி. சிரிப்பு சொல்லில்லை."

"சிரிப்ப வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? கடையில விக்கவா? அதுக்கு ஒரு குறி குடுங்க."

"குடுக்க ஏலாது."

கொடுக்காவிட்டால் போகிறதென்று அவளே வைத்துக்கொண்டாள். கோகிலா சிரித்தால் சாவியைப் படபடவென்று நுனிவிரலால் தட்டுவாள். டப்பா கிச்சுகிச்சு மூட்டியதுபோல் நடுங்கும். அழுதால் சாவியை அப்படியே நீளமாக அமுக்கிப் பிடிப்பாள். "இப்படி ஒரு எழுத்து என்ட அட்டவணையில கிடையாது" என்று பொன்னுதுரை சொல்லிக்கொண்டே இருந்தார். டப்பா கிச்சுகிச்சு மூட்டும்போது மட்டும் அவர் மீசை ஒருபக்கமாக ஏறும் என்று கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சிங்கப்பூர் லைன் வேறு சரியில்லை. பேச்சின் நடுவே 'லைன் கரகரங்குது. பொறுங்க' என்று சபியா அடிப்பாள். இவர் டப்பாவை அணைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருப்பார். வாராவாரம் இதே கதை. பழைய தந்தி இலாகா ஆளாயிற்றே, பொறுக்குமா? ஆங்கிலத்தில் சூடான புகார் ஒன்று சொல்லி எழுதவைத்து அனுப்பினார். லைனைச் சோதித்தோம், குறை ஒன்றுமில்லை என்று பணிவாகப் பதில் வந்தது. "என்ட காலத்தில இப்படிப் பொய் எழுதமாட்டம்" என்று கடை வாசலில் நின்று முழங்கினார்.

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா அன்று கடையில் ரேடியோவைச் சுற்றி ஒரே கூட்டம். அந்தக் கூட்டத்தின் சந்தோஷம் அவர் உள்ளங்காலில் சிமெண்டுத் தரை வழியே ஏறியது. 'எல்லாரும் மெர்டேக்கான்னு கத்துறாங்க. நீங்களும் கத்துங்க' என்று சபியா அடித்தாள். அவள் அடித்து, இவர் படித்து, மூச்சிழுத்து, கையை உயர்த்திக் கத்திய நேரத்தில் கூட்டம் அடங்கி, யாரோ துஆ கேட்க எல்லாரும் கையேந்தி நின்றிருந்தார்கள். அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு மெர்டேக்கா காஜா பேராங்கை உலுக்கியது. டப்பா நெடுநேரம் கிச்சுகிச்சு மூட்டியது. அது யார் சிரிப்பென்று அவர் கேட்கவில்லை. தன் சுதந்திரம் இரண்டு டார்ச்லைட் பாட்டரியில் ஓடுகிறது, அதுதான் கொஞ்சம் லேட் என்று அதன்பிறகு எல்லாரிடமும் சொல்லிவந்தார்.

கடைசி வெள்ளிக்கிழமை சபியாவின் கை தளர்ந்திருந்தது. துள்ளல் இல்லை.

"என்ன பிள்ளை, நித்திரையோ? கை இழுபடுது" என்று குறை சொன்னார்.

'காய்ச்சல் கொஞ்சம். ஒண்ணுமில்ல. சாவிக் குமிழ் விரல கடிக்குது கிராணி. துணி சுத்திக் குடுங்க.'

சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று சாயந்தரமே நாடாத் துணியை எடுத்துச் சுற்ற உட்கார்ந்தார். விரலில் இரண்டு முறை ஊசி குத்தியது. அடுத்த வெள்ளிக்குத்தானே வேண்டும் என்று பாதிச் சுற்றோடு மேசைமேல் வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை நாலே காலுக்கு ஷரீஃபுதீன், கடை அட்டையிலிருந்து தாளில் குறித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து, எடுத்து அடித்தது அந்தச் சாவியைத்தான்.

அந்த வாரம் பொன்னுதுரை சிங்கப்பூருக்குப் போகத் தயாரானார். தயாராவது என்றால், பெட்டியை இழுத்து வெளியே வைத்து அதன்மேல் தானே உட்கார்ந்துகொள்வது. இனி அடிக்க ஆள் இல்லை. கோகிலா கூப்பிடுவாள், மணி அடிக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள், டாக்சி வரும். பூத்துணி எந்த நிறம் என்று கேட்டுக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். வேட்டிகளை மடித்துவைத்தார். டப்பாவைப் பெட்டிக்குள் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷரீஃபுதீன் வந்து கையைப் பிடித்து எழுப்பினார். இப்போது அவர்மேல் வழக்கமான கடைக் கருவாட்டு வாசனை திரும்பியிருந்தது. பெட்டியைத் திறந்து டப்பாவை எடுத்து, மேசைமேல் கிடந்த சாவியோடு பையில் போட்டு, அந்தப் பையை இவர் தோளில் மாட்டினார்.

"தொழுகைக்குப் போகேல்லையோ?" என்று பொன்னுதுரை கேட்டார்.

ஷரீஃபுதீன் அவர் கையைப் பிடித்து நடத்தினார். நடக்கிறபோது அடிக்க முடியாதே.

கடையில் அதே முக்காலி. அதே இரண்டு முழக் கம்பி. கவுண்டருக்கு உள்ளிருந்து உலக்கைக் கை ஆரம்பித்தது. சுவர் அட்டையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

'மகள் லைன்ல.'

பொன்னுதுரை தண்டை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டார். "சபியா காலமானாள். செவ்வாய். கடைக்காரர் அடிக்கிறார். மெதுவாகப் பேசு. முடிந்தது."

நெடுநேரம் டப்பா சும்மா இருந்தது. "என்ன, லைன் கரகரங்குதோ?" என்று கேட்டார்.

'இல்ல,' என்றது டப்பா. 'லைன் நல்லாத்தான் இருக்கு.' பிறகு மகளின் பேச்சு, எண்ணெய் சொட்டுவதுபோல் சொட்டுச் சொட்டாக வந்தது. 'சபியா அக்காதான். எல்லாம். சொல்லும். வடிகால்ல விழுந்தது. மீசை. மெர்டேக்கா. நீங்க பேசினதே இல்ல. இனி. யார் சொல்றது. கூட்டிட்டுப் போறேன்.'

பொன்னுதுரைக்கு அதைக் கோத்துப் பார்க்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. 'பொறுங்க' என்று சபியா அடித்த போதெல்லாம் சிங்கப்பூர்க் கம்பியில் கரகரப்பு எதுவும் இல்லை. தண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இவர் சொல்லாத அத்தனையையும் அவள் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். இவர் டப்பாவைக் கட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்திருக்கிறார். போதாததற்கு இலாகாவுக்குப் புகாரும் எழுதியிருக்கிறார்.

"என்னைவிடப் பெரிய மடையன் மலாயாவில இல்லை" என்றார். அது கோகிலாவுக்குக் கேட்டது, தெருவுக்கும் கேட்டது. "பிள்ளை, கேள். நான் சொல்றன்."

சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக வார்த்தையை எண்ணாமல் சொன்னார். சபியாவின் கையில் இருந்த துள்ளலைச் சொன்னார். சிரிப்புக்குக் குறி கேட்டுத் தான் மறுத்ததைச் சொன்னார். அவள் அடித்த சிரிப்பை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, அப்படி ஒரு எழுத்தே இல்லை என்று வாதாடியதைச் சொன்னார். சாவுச் செய்தியைத் திருப்பி அடிக்கச் சொன்னதையும், அதை ஷரீஃபுதீன் முன்னாலேயே சொன்னார். காய்ச்சலோடு அடித்த கையைக் குறை சொன்னதைச் சொன்னார். எனக்கு இந்த ஊரை விட்டால் வடிகால்கூடக் கிடையாது பிள்ளை என்றார். 'முடிந்தது' என்று சொல்ல மறந்துபோனார்.

டப்பா மெல்ல ஆரம்பித்தது: 'அ... ழு...' ஷரீஃபுதீன் அட்டையில் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அதை எழுத்துக் கூட்டவேண்டாம்" என்றார் பொன்னுதுரை. "அழுகிறதுக்கு ஒரு குறி இருக்கு. சாவியை நீளமாய் அமுக்கிப் பிடியுங்கோ. எனக்கு விளங்கும்."

ஷரீஃபுதீன் அமுக்கினார். டப்பா துடித்தது. துடித்துக்கொண்டே இருந்தது. மகள் இத்தனை நேரமா அழுகிறாள்? முதல் நாள் போலத் தகடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நினைத்து, பாட்டரியைப் பிடுங்க அவர் மூடியில் கைவைத்தார். அப்போது துடிப்பு சீராக இல்லை என்று விரலுக்குத் தெரிந்தது. விட்டு விட்டு, விம்மி விம்மி வந்தது. தகடு ஒட்டினால் அப்படி வராது. அமுக்கிய கை நடுங்கினால்தான் வரும். சாவியில் இருந்தது கோகிலாவின் அழுகை இல்லை.

அவர் மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடையில் நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. இந்தமுறை யாரும் பாட்டரியைப் பிடுங்க வரவில்லை.

ஒருவழியாக அது நின்றது. கொஞ்சம் பொறுத்து உலக்கைக் கை மறுபடி கிளம்பியது.

'மகள் கேக்குது. அடுத்த வெள்ளி. நேரம் மாத்தலாமா. ஜும்மா முடிஞ்சு நான் வந்த பெறகு.'

"டாக்சி?"

'டாக்சி இல்ல.' இடைவெளி. 'என் கை மோசமா கிராணி.'

"படுமோசம்" என்றார் பொன்னுதுரை. "என்ட சர்வீஸில இப்படி ஒரு கையைக் கண்டதில்லை. வாங்கோ, வீட்டில பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ள ஆள் வேணும்."

சாவி இப்போது கடையில், சீனிச் சாக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்ததும் ஷரீஃபுதீன் அதில்தான் அடிக்கிறார். அதன் குமிழில் துணி பாதிவரைதான் சுற்றியிருக்கிறது. மிச்ச நாடா, ஊசியோடு, தொங்கிக்கொண்டிருக்கிறது.